கேட்டலும் கணக்குக் கேட்டலும்

தமிழில் 'கேட்டல்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. பிறர் சொல்வதைச் செவிமடுப்பதும் கேட்டல். நாம் பிறரை வினவுவதும் கேட்டல். வள்ளுவப் பெருந்தகை 'கேள்வி' என ஓர் அதிகாரம் வகுத்தபோது செவிச்செல்வத்தையே கருதினார். இன்று நாம் 'கேள்வி' என்னும்போது பெரும்பாலும் வினாவையே கருதுகிறோம். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் உறைவது நம் மொழிக்கு அழகு. அவை ஒரு செயலில் கூடி, ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றிய வரலாறு ஒன்று உண்டு. அது நிகழ்ந்த இடம் தமிழகம் அன்று. இராஜஸ்தானத்தின் வறண்ட மலைச் சிற்றூர்கள். நிகழ்த்தியவர்கள் புலவர்களும் அல்லர். சாலையோரத்தில் மண் சுமந்து கூலி பெற்ற ஏழை எளியவர்கள். தமக்கு நேர்ந்ததைத் தம் வாயால், ஊர் கூடிய பந்தலில், அஞ்சாமல் எடுத்துரைத்தார்கள் என்பதே அவ்வரலாற்றின் சாரம். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஜன் சுன்வாய்'. 'சுன்னா' என்னும் இந்திச் சொல்லுக்குக் கேட்டல் என்பது பொருள். ஆகவே 'மக்கள் கேட்டல்' என்றே அதனைத் தமிழாக்கலாம்.

பாண்டியன் அவையில்

தனக்கு நேர்ந்ததை அவையறியச் சொல்லுதல் என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழுவது சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையே. கணவனை இழந்த கண்ணகி அரண்மனை வாயிலில் நின்று தன் வரவை அறிவிக்கச் செய்கிறாள். மன்னன் அவளை உள்ளே அழைத்து, யார் நீ என வினவுகிறான். அவள் தன் ஊரையும் குலத்தையும் கணவன் கொலையுண்டதையும் கூறுகிறாள். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் அன்று என்கிறான் மன்னன். இந்த இடத்தில் காதை முடிந்திருக்குமாயின், அவள் சொல்லுக்கு எதிரே அவன் சொல் நின்றிருக்கும். இருவருள் வலியவன் சொல்லே வென்றிருக்கும்.

முடியவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. எம் சிலம்பின் பரல் முத்து என்கிறான் பாண்டியன். அத்துடன் நில்லாமல், கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பைக் கொணரச் செய்து அவள் முன்னே வைக்கிறான். அவள் அதனை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது, வழக்கு முடிகிறது.

இக்காட்சியில் மூன்று கூறுகள் உள்ளன. முதலாவது, பாதிக்கப்பட்டவளே தன் வாயால் கூறிய உண்மை. இரண்டாவது, அரசின் கைவசம் இருந்த சான்றுப் பொருள். மூன்றாவது, இரண்டையும் ஒருங்கே கண்டும் கேட்டும் நின்ற அவை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் உண்மை வெளிப்பட்டிராது. நெடுஞ்செழியன் பிழை செய்தவன். ஆயினும் சான்றை மறைத்தவன் அல்லன். அவனுக்குரிய அந்தப் பெருமையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இராஜஸ்தானத்துக் கூலியாட்களுக்கு அந்த அளவு நீதியும் எளிதில் கிட்டவில்லை.

பொய்யர் என்னும் பட்டம்

ஆரவல்லி மலைத்தொடரின் சரிவில், இன்றைய ராஜ்சமந்து மாவட்டத்தில், தேவ்டுங்கிரி என்றொரு சிற்றூர் உள்ளது. 1987ஆம் ஆண்டில் அங்கே ஒரு குடிசையில் வந்து தங்கியவர்கள் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர். சங்கர் சிங் அவ்வட்டாரத்தவர். பொம்மலாட்டத்தாலும் பாட்டாலும் நகைச்சுவைப் பேச்சாலும் கூட்டத்தைக் கட்டிப்போட வல்லவர். அருணா ராய் 1946இல் சென்னையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, தில்லியில் வளர்ந்தவர். சிறிது காலம் கலாட்சேத்திரத்திலும் பயின்றவர். 1968இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, எழுபதுகளின் இடையில் அதனைத் துறந்து, சிற்றூர்ப் பணியை மேற்கொண்டார். பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் எங்கெங்கு சென்று வேர் ஊன்றுகின்றனர் என்பதற்கு இவர் வாழ்வும் ஒரு சான்று.

அப்பகுதி மழை பொய்க்கும் நிலம். வறட்சி நிவாரணப் பணியாக அரசு சாலைகளும் குளங்களும் வெட்டுவித்தது; மக்கள் மண் சுமந்தனர். ஆனால் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி அவர்கள் கைக்கு வரவில்லை. ஏன் என்று வினவினால், நீங்கள் அளவுப்படி வேலை செய்யவில்லை, அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றனர் அலுவலர்கள். அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ஆவணம், காட்ட இயலாது என்றனர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1923ஆம் ஆண்டு இயற்றப்பட்ட அலுவலக இரகசியச் சட்டத்தின் நிழல், ஒரு சிற்றூர்க் குளத்தின் கூலிக் கணக்கின் மீதும் விழுந்து கிடந்தது.

இதன் கொடுமையைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். நாள் முழுதும் உழைத்தவர்க்கு, தாம் உழைத்தது ஐயத்திற்கு இடமில்லாத உண்மை. தாளோ அவர் உழைக்கவில்லை என்கிறது. எழுத்தறியாதவர் சொல் ஒருபுறம், எழுத்து மறுபுறம் என நின்றால், உலகம் எழுத்தையே நம்பும். கூலியை இழந்ததோடு மானத்தையும் இழந்து, பொய்யர் என்னும் பட்டத்தையும் அவர்கள் சுமந்தனர்.

1990 மே முதல் நாள், பீம் என்னும் சிறுநகரில் அவர்கள் ஒரு சங்கம் கண்டனர். மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்பது அதன் பெயர்; தொழிலாளர் உழவர் ஆற்றல் அமைப்பு எனலாம். மறியல், உண்ணாநோன்பு, மனு என வழக்கமான வழிகள் பலவற்றையும் அவர்கள் முயன்று பார்த்தனர். அவற்றால் விளைந்த பயன் சிறிது. கற்ற பாடம் பெரிது. தாள் வெளியே வராதவரை தம் சொல் ஏறாது என்பதே அப்பாடம்.

கோட் கிரானா, 1994

பாலி மாவட்டத்தின் கோட் கிரானா ஊராட்சிக்கு உரிய சில ஆவணங்கள், அலுவலர் ஒருவரின் நல்லெண்ணத்தால், சங்கத்தாருக்குப் பார்க்கக் கிடைத்தன. மஸ்டர் ரோல் எனப்படும் வருகைப் பதிவேடுகளும், பொருள் வாங்கிய பற்றுச்சீட்டுகளும் அவை. செய்திகளைக் குறித்துக்கொண்டு வீடுவீடாகச் சென்றனர். இன்ன பணியில் இத்தனை நாள் உன் பெயர் உள்ளது, இவ்வளவு பெற்றதாக உள்ளது, உண்மையா என்று படித்துக் காட்டினர். அப்பணி நடந்த இடத்தையே காணாதவர் பெயரும், பிழைப்புத் தேடி வெளியூர் போயிருந்தவர் பெயரும் அதில் இருந்தன. கேட்டவர்கள் முதலில் வியந்தனர்; பிறகு சினந்தனர்.

1994 டிசம்பர் 2ஆம் நாள் கோட் கிரானாவில் முதல் மக்கள் கேட்டல் கூடியது. அதன் முறை மிக எளிது. பதிவேட்டிலிருந்து ஒரு வரி உரக்கப் படிக்கப்படும்: பெயர், பணி, நாள், தொகை. அப்பெயருக்கு உரியவர் எழுந்து ஒலிபெருக்கியின் முன் வந்து, தமக்குத் தெரிந்ததைத் தம் வட்டார மொழியில் கூறுவார். நான் அங்கே வேலை செய்யவில்லை. இந்தக் கைந்நாட்டு என்னுடையதன்று. எனக்குக் கிடைத்தது இவ்வளவே. கூடியிருப்போர் அதே ஊரார். அவர் பொய் சொன்னால் அவர்களுக்குத் தெரியும். மெய் சொன்னாலும் தெரியும். வெளியூரிலிருந்து வந்த கற்றறிந்தோர் நடுவர்களாக அமர்ந்து கேட்டனர். குற்றம் சாட்டப்பட்ட சர்பஞ்ச், அலுவலர், ஒப்பந்தக்காரர் ஆகியோரும் வந்து தம் பக்கத்தைச் சொல்லலாம் என அழைப்பு இருந்தது.

தாளில் முடிந்துவிட்ட கட்டடம் ஊராரின் கண்முன்னே முடியாமல் நின்றது. படித்தவர் படித்துக்கொண்டிருக்க, கேட்டவர்கள் அவ்வப்போது வாய்விட்டுச் சிரித்தனராம். அச்சிரிப்பை எளிதாக எண்ணிவிட வேண்டா. நெடுங்காலம் அஞ்சி வணங்கிய ஏட்டைப் பார்த்து ஓர் ஊர் சிரிக்கத் தொடங்கினால், அந்த ஏட்டின் அதிகாரம் அன்றே பாதி போயிற்று எனலாம்.

1995 ஏப்ரலுக்குள் பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா ஆகிய ஊர்களிலும் கேட்டல்கள் நிகழ்ந்தன. முகத்திரை அணிந்த பெண்கள், அத்திரையுடனேயே ஒலிபெருக்கி முன் வந்து பேசினர். நில உடைமையாளரின் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லாத ஊரில், தாழ்த்தப்பட்டோர் ஒருவர் எழுந்து கணக்குப் பொய் என்று கூறுவதற்கு எத்தகைய துணிவு வேண்டும் என்பதைச் சிற்றூரில் பிறந்தவர் அறிவர். மறுநாளும் அவர் அதே தெருவில்தான் நடக்க வேண்டும். அதே கடையில்தான் கடன் சொல்ல வேண்டும்.

வெளிப்படையான நிருவாகம், பொறுப்புடைமை, சமூகத் தணிக்கை, குறை தீர்த்தல் என்னும் நான்கு கோரிக்கைகள் இக்கேட்டல்களில் உருப்பெற்றன. பின்னாளில் நாடாளுமன்றம் வரை சென்ற சொற்கள் இவை. பிறந்த இடமோ சிற்றூர்ப் பந்தல்.

நாற்பது நாளும் ஐம்பத்து மூன்று நாளும்

ஊராட்சிப் பணிகளின் ஆவணப் படிகள் மக்களுக்கு வழங்கப்படும் என்று 1995 ஏப்ரலில் இராஜஸ்தான் முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு கழிந்தது, படிகள் வரவில்லை. 1996 ஏப்ரல் 6ஆம் நாள், பியாவர் நகரின் சாங் கேட் அருகே மக்கள் அமர்ந்தனர். அவ்வமர்வு 40 நாள் நீடித்தது. சிற்றூர்கள் தானியம் அனுப்பின. நகரத்தார் காய்கறியும் பொருளும் ஈந்தனர். நாள்தோறும் பாட்டும் கூத்தும் நடந்தன. ஒவ்வொருவரும் தம் கதையைச் சொன்னார்கள். 'ஜனசத்தா' இந்தி நாளேட்டின் ஆசிரியர் பிரபாஷ் ஜோஷி நேரில் வந்து கண்டு எழுதினார். அதுவரை கூலிச் சண்டை என்று கருதப்பட்டது, அறிவுரிமைப் போராட்டம் என நாட்டுக்கு விளங்கலாயிற்று.

நான்காம் வகுப்பு வரை மட்டுமே படித்த சிற்றூர்ப் பெண் ஒருவர் தில்லியில் செய்தியாளர் முன் கூறியது அந்நாளில் பரவலாகப் பேசப்பட்டது. பத்து ரூபாய் கொடுத்து மகனைக் கடைக்கு அனுப்பினால், திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன். என் பெயரால் அரசு கோடி கோடியாய்ச் செலவிடும்போது நான் கணக்குக் கேட்கலாகாதா என்பது அவர் கூற்றின் கருத்து. 'நமது பணம், நமது கணக்கு' என்பது இயக்கத்தின் முழக்கமாயிற்று. அரசியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அத்தாய் ஒரு கடைக்கணக்கில் விளக்கிவிட்டார்.

1997இல் ஜெய்ப்பூரில் மீண்டும் ஓர் அமர்வு. இம்முறை 53 நாள். அதன் இறுதியில், ஆவணப் படிகள் தருவதற்கான அரசிதழ் அறிவிக்கை ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியாகிவிட்டது என்று அரசு தெரிவித்தது. தகவல் பெறும் உரிமை பற்றிய தகவலே மக்களுக்குத் தெரியாமல் இருந்தது! கற்பனை செய்தாலும் இத்தகைய அங்கதம் வாய்ப்பது அரிது.

அதே 1997ஆம் ஆண்டில், மாநிலங்களுள் முதன்முதலாகத் தகவல் உரிமைக்கெனச் சட்டம் இயற்றிய பெருமை தமிழ்நாட்டுக்கு உரியதாயிற்று. ஆயினும் அச்சட்டத்தில் விலக்குகள் மிகுதி. மக்கள் கைக்கருவியாக அது விளங்கவில்லை. இராஜஸ்தானத்தில் சட்டம் வந்தது 2000ஆம் ஆண்டில். பிந்தி வந்தாலும், அங்கே சட்டத்துக்கு முன்னரே அதனைப் பயன்படுத்தக் கற்றிருந்த மக்கள் இருந்தனர். சட்டம் முந்துவதும் மக்கள் முந்துவதும் ஒன்றல்ல என்பதை இவ்விரு மாநிலங்களையும் ஒப்பிடுவோர் உணர்வர்.

2001இல் ராஜ்சமந்து மாவட்டத்தின் ஜனாவத் ஊராட்சியில் நடந்த கேட்டலில், பெருந்தொகை முறைகேடு வெளிப்பட்டது. தாளில் மட்டுமே இருந்த பணிகள் பல. மாநில அரசு பின்னர் நடத்திய விசாரணையும் முறைகேட்டை உறுதி செய்தது. 2002 டிசம்பரில் தலைநகர் தில்லியின் சுந்தர் நகரியில் பரிவர்த்தன் என்னும் அமைப்பு இதே முறையைக் கையாண்டது. 1.3 கோடி ரூபாய் மதிப்புள்ள 68 பணிகளின் கணக்குகள் படிக்கப்பட்டன. ஏறத்தாழ 70 இலட்சம் ரூபாய்க்குரிய பொருள்கள் களத்தில் காணப்படவில்லை. மலைச் சிற்றூரில் பிறந்த வழக்கம், நம்மனோர் பலரும் வாழும் மாநகரின் தெருவுக்கும் வந்து சேர்ந்தது.

2005 மே மாதம் நாடாளுமன்றம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அக்டோபர் 12 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கிராம சபையே பணிகளைச் சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என விதித்தது. கோட் கிரானாவின் பந்தல் சட்டப் புத்தகத்தில் ஏறியது.

ஏடும் நாவும்

கணக்குக் கேட்கும் மரபு நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர் இன்னின்னாரும் குடவோலையில் இடம்பெறல் ஆகாது என அவை வகுத்துள்ளன. நாம் பெருமிதம் கொள்ளத் தக்க செய்தியே இது. ஆயின் அந்தச் சபையில் இடம்பெற நிலமும் மனையும் வேதக் கல்வியும் தகுதிகளாயின என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏரிக்கு மண் சுமந்தவர்க்கு அங்கே நாவில்லை. உத்திரமேரூரில் உடையார் உடையாரைக் கணக்குக் கேட்டனர். கோட் கிரானாவில் இல்லார் கணக்குக் கேட்டனர். ஆயிரம் ஆண்டுகளில் மனிதர் கடந்த தொலைவு அதுவே.

இவ்வரலாறு முடிந்த கதையும் அன்று. ஆவணம் கேட்டவர் தாக்கப்படுவதும் கொல்லப்படுவதும் நேர்ந்துள்ளன. 2010ஆம் ஆண்டில் புனேயில் சதீஷ் ஷெட்டி, அகமதாபாத்தில் அமித் ஜேட்வா எனத் தகவல் உரிமையாளர் இருவர் உயிரிழந்தனர். 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் தனிநபர் தகவல் பற்றிய உட்பிரிவைத் திருத்தியது. முன்னர், பொதுச் செயலோடு தொடர்பற்ற தனிநபர் தகவலுக்கே அவ்விலக்கு இருந்தது. திருத்தம் அந்த வரையறையை நீக்கிவிட்டது. பொதுநலன் மேலோங்குமாயின் தகவல் தரலாம் என்னும் பொது விதி அப்பிரிவில் இன்னும் உள்ளது என்பர் திருத்தத்தை ஆதரிப்போர். ஆனால் தரலாமா என முடிவு செய்பவர் அலுவலர். தனிமனிதர் அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதே, அதில் ஐயமில்லை. எனினும் ஒன்றை எண்ண வேண்டும். மஸ்டர் ரோல் என்பது பெயர்களின் பட்டியல். பெயர் மறைக்கப்பட்ட பட்டியலை உரக்கப் படித்தால், 'அது நானல்லேன்' என்று எழுந்து மறுப்பவர் யார்?

ஏடு மட்டும் இருந்தால் அது எழுதியவனுக்கே உண்மை. நா மட்டும் இருந்தால் அது புலம்பலாய்க் காற்றில் கரையும். ஏட்டை உரக்கப் படித்து, நாவால் அதற்கு மறுமொழி கூறி, இரண்டையும் ஊர் கேட்கும்போதுதான் சிலம்பு உடைகிறது. பரல் எதுவெனத் தெரிகிறது.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. நாம் வாழும் தெருவின் சாலையும் குடிநீரும் பள்ளியும் நம் பணத்தாலும் நடப்பவையே. மொழி வேறு, ஊர் வேறு என ஒதுங்கி நிற்பது நமக்கு எளிது. கணக்கோ எம்மொழியிலும் கணக்குத்தான். நம் சங்கக் கூட்டங்களில் கவியரங்கமும் பட்டிமன்றமும் சிறக்க நடைபெறுகின்றன. அவற்றோடு, வந்து குடியேறிய முதல் தலைமுறையினர் தாம் பட்டதைத் தம் வாயால் சொல்ல, இளையோர் அமர்ந்து கேட்கும் நாள் ஒன்றும் வேண்டும். வேலையிடத்தில் ஏமாற்றப்பட்ட கூலியும், மறுக்கப்பட்ட வீடும், பெற்ற உதவியும் அதில் வெளிவரட்டும். கேட்கப் பழகிய செவியே நாளை கேள்வி கேட்கும் நாவுக்கும் துணை நிற்கும்.